எர்பியம் சுருள் ஒன்று, அவசரம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போக அரைமணி நேரம்கூட ஆகாது. அந்த அரைமணித் தூரத்துக்குள் ஒருவர் சொன்ன வார்த்தையை மாறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான், அவர் எறும்பு அண்ணாச்சி. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். மற்றவர்கள் எல்லாம் கொஞ்சம் சேர்ப்போம், கொஞ்சம் விடுவோம். நான் விடுவதில் கெட்டிக்காரன். அப்படி ஒரு தடவை விட்டதில் என் கூடப்பிறந்த அண்ணனோடு ஆறு வருஷம் பேச்சில்லாமல் போயிற்று. அண்ணன் கண்ணை மூடுவதற்குள் அந்தப் பேச்சு ஒட்டுமா ஒட்டாதா என்பது கடைசியில் இந்த எறும்பு அண்ணாச்சி வாயில்தான் வந்து நின்றது.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனிக்கு வேலை, பூமிக்கடியில் போகும் கண்ணாடி இழைக் கேபிளைப் பார்த்துக்கொள்வது. தலைமுடி அளவு இழை. அதற்குள் வெளிச்சமாக ஓடுவதுதான் நீங்கள் பேசுகிற போனும் பார்க்கிற வீடியோவும். நான் ராஜபாளையம் ஆபீஸில் ஸ்டோர் கீப்பர். அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அறைக்குப் பொறுப்பு. ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. மெஷின்களுக்காக நாள் முழுக்க ஏசி ஓடும். அதனால் சித்திரை வெயிலில் ஊரே துண்டால் விசிறிக்கொண்டு திரியும்போது, அண்ணாச்சி ஸ்வெட்டரும் குரங்குத் தொப்பியுமாக டீ குடிக்க வெளியே வருவார். வாய்தாவுக்குப் புதிதாக வந்தவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அவரிடம் ஒரு சேதி சொல்லி அனுப்புவது லேசான காரியமில்லை. நாம் சொல்லி முடித்ததும், “இன்னொருக்கச் சொல்லுங்க” என்பார். இரண்டாவது தடவை ஒரு வார்த்தை மாறினாலும் அவருக்கு ஆகாது. எதை எடுத்துக்கொண்டு போக, முதல் சொன்னதையா, இப்போது சொன்னதையா என்று நின்றுவிடுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் கிளம்புவார். போய்ச் சொல்லும்போது வார்த்தை மட்டுமில்லை, குரலும் நம்முடையதாகவே இருக்கும். நாம் இருமியிருந்தால் அந்த இடத்தில் இருமுவார். சலித்துக்கொண்டு சொல்லியிருந்தால் சலித்துக்கொள்வார். கேலி செய்கிற உத்தேசம் அவருக்குத் துளியும் கிடையாது. முகம் மட்டும் சாவு வீட்டுக்கு வந்தவர் முகமாக இருக்கும்.

ஒருநாள் மதுரையிலிருந்து இன்ஜினியர் அவருக்குப் போன் செய்து, ராஜபாளையத்தில் இருப்பவர்கள் எல்லாம் தூங்குகிறார்களா, அது ஆபீஸா சத்திரமா என்று கேட்டு, அப்படியே போய்ச் சொல் என்றாராம். இன்ஜினியர் ஒரு பேச்சுக்குச் சொன்னது. அண்ணாச்சி பஸ் ஏறி வந்து, ஆபீஸ் நடுவில் நின்று, இன்ஜினியர் குரலில் எங்கள் அத்தனை பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, “அம்புட்டுதான்” என்று முடித்தார். எங்கள் சூப்பர்வைசர் வாய்க்குள்ளேயே, அந்த இன்ஜினியர் ஒருநாள் வந்து மேன்ஹோலுக்குள் இறங்கிப் பார்க்கட்டும் என்று முணுமுணுத்தார். முணுமுணுப்பும் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது, முணுமுணுப்பாகவே. அடுத்த வாரம் இன்ஜினியர் நிஜமாகவே வந்து மேன்ஹோலுக்குள் இறங்கினார். முழங்கால் வரை நனைந்து ஏறினார். நாங்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர் இறைக்கிற மோட்டார் அந்த வாரமே வந்துவிட்டது.

அவருடைய சபையிலும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பது அவர் பொறுப்பு. ஒருமுறை சபைச் செயலாளர், எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசன விருந்தைப் பற்றி எழுதிக் கொடுத்த தாளில், போன தடவை மாதிரி குழம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று ஒரு வரி எழுதி, பிறகு யோசித்து அடித்திருக்கிறார். அண்ணாச்சி அந்த வரியையும் கணீரென்று வாசித்து, “இந்த வரி அடிக்கப்பட்டிருக்கிறது” என்று அதையும் அறிவித்துவிட்டார். அந்த வருஷம் குழம்பு கெட்டியாக இருந்ததாம்.

இப்பேர்ப்பட்டவருக்கு எறும்பு என்று பெயர் வந்தது என்னால்தான். ஆம்ப்ளிஃபயரில் கெட்டுப்போகிற பாகத்தை ஊரே ‘கார்டு’ என்று சொல்லும். அண்ணாச்சி மட்டும் அதற்குள் இருக்கிற பொருளின் பெயரைத்தான் எழுதுவார், அதுவும் தமிழில். ஒருநாள் அவருடைய தாள் ஸ்டோருக்கு வந்தது. ‘எர்பியம் சுருள் - 1, அவசரம்’ என்று எழுதியிருந்தார். அவர் கையெழுத்தும் எறும்பு ஊர்கிற மாதிரிதான் இருக்கும். என் கண்ணுக்கு அது ‘எறும்பு, சுருள்’ என்று தெரிந்தது. பாவம், பூட்டிக் கிடக்கிற அறை, எறும்புத் தொல்லையும் கொசுத் தொல்லையும் போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். எறும்பு சாக்பீஸ் ஒரு பெட்டியும் கொசுவர்த்திச் சுருள் ஒரு பாக்கெட்டும் கட்டி, அவசரம் என்றதால் அடுத்த பஸ்ஸிலேயே கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன்.

வேறொருவராக இருந்தால் போனில் என் வம்சத்தையே இழுத்திருப்பார். அண்ணாச்சி ரசீது எழுதி அனுப்பினார். ‘எறும்பு சாக்பீஸ் ஒன்று, கொசுவர்த்திச் சுருள் ஒன்று பெற்றுக்கொண்டேன். எர்பியம் சுருள் பெறவில்லை. அறையில் எறும்பு இல்லை.’ அதன் நகல் விதிப்படி மதுரைக்கும் போயிற்று. மதுரையிலிருந்து எங்கெங்கோ போயிற்று. நியாயமாக எறும்பு என்கிற பெயர் எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் பட்டப்பெயருக்கு நியாயம் ஏது, அது அவர் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

மன்னிப்புக் கேட்கிற மாதிரி, சரியான கார்டை நானே எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். செருப்பை வெளியே கழற்றச் சொல்லி உள்ளே விட்டார். ஊரில் எல்லோரும் கார்டு என்று எழுதுகிறபோது நீங்கள் மட்டும் ஏன் இப்படிப் புரியாத பெயரை எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

“கார்டா வேல பாக்குது, ஸ்டோரு? உள்ள இருக்க எர்பியந்தான பாக்குது. வேல பாக்குறவன் பேரத்தான் எழுதணும்” என்றார்.

அவர் யதார்த்தமாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏன் தைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்றைக்கு அவர் சொல்லித்தான் எர்பியம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது. மதுரையில் கிளம்புகிற வெளிச்சம் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும்போது நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினால் பெரிய காரியமாம். இன்னும் தென்காசிப் பக்கம் போக வேண்டும். அதற்குத் தெம்பு ஏற்ற வேண்டியது இந்த அறையின் வேலை. அந்தக் காலத்துப் பெட்டியாக இருந்தால், வருகிற ஒவ்வொரு நிறத்து வெளிச்சத்தையும் தனியே பிரித்து, மின்சாரமாக மாற்றி, படித்து, மறுபடி வெளிச்சமாக எழுதி அனுப்பும். எர்பியம் எதையும் பிரித்துப் படிக்காது. அது அருமண் வகையைச் சேர்ந்த ஒரு தனிமம். அதைத் துளியிலும் துளியாகக் கலந்த கண்ணாடி இழைதான் அந்தச் சுருள். பக்கத்தில் ஒரு குட்டி லேசர் அந்தச் சுருளுக்கு ஓயாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும். எர்பியம் அணுக்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். மதுரையிலிருந்து வந்த மெலிந்த வெளிச்சம் கடந்து போகும்போது, கையிலிருப்பதை அதற்குக் கொடுத்துவிடும். கொடுப்பதும் எப்படி? வந்த வெளிச்சம் என்ன நிறமோ அதே நிறம், எந்தத் திசையோ அதே திசை, அடி பிசகாமல். உள்ளே வந்ததுதான் வெளியே போகும், தெம்பாக.

சுவீடனில் ஒரு சின்னக் கிராமத்தில் தோண்டியெடுத்த கல்லிலிருந்து வந்த தனிமங்களில் நான்கு பேருக்கு அந்த ஒரே ஊரின் பெயரைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருக்கிறார்களாம். எர்பியம் அதில் ஒன்று. இதைச் சொல்லும்போது அவர் குரலில் பொறாமை இருந்தது. அவருக்குச் சொந்த ஊர் சோழபுரம். சோழபுரத்திலும் எம்புட்டோ கல் கிடக்கிறது, ஒருத்தனாவது தோண்டிப் பார்த்தானா என்று கேட்டார்.

பிறகு ஒரு பழைய கார்டின் சுருளை எடுத்து லேசரில் மாட்டி, அறை விளக்கை அணைத்தார். நட்ட நடு மத்தியானம், உள்ளே கும்மிருட்டு. சுருள் மட்டும் லேசான பச்சையில் ஒளிர்ந்தது. மதுரையிலிருந்து வருகிற வெளிச்சமோ, ஊட்டுகிற வெளிச்சமோ கண்ணுக்குத் தெரியாதாம். இது எர்பியம் யாரும் கேட்காமல் தானாகச் சிந்துவதாம். இதே மாதிரி, காத்திருந்து காத்திருந்து எந்த வெளிச்சமும் வராவிட்டால், கையிலிருப்பதைத் தாங்க முடியாமல் எர்பியம் தானாகவே ஒரு வெளிச்சத்தைப் போட்டுவிடும். யாரும் சொல்லி அனுப்பாத வெளிச்சம். எவ்வளவு உசத்தியான சுருளாக இருந்தாலும் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும் என்றார்.

“அதத்தான் நாய்ஸுங்கோம்.”

“நாயா?” என்றேன்.

“ராஜபாளையத்துக்காரன் காதுல எது விழுந்தாலும் நாயாத்தான் கேக்கும். நாயில்ல ஸ்டோரு, நாய்ஸு.”

இப்போது என் அண்ணன் கதைக்கு வருகிறேன். அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் பால்கோவா கிண்டி விற்றவர். என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தேன். அச்சகத்தில் சரிபார்க்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். நான் பார்த்து, ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டேன். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே சித்தப்பா மகன் பெயர் இருந்தது, சம்பந்தி வீட்டுக்காரர்கள் இருந்தார்கள், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார்கூட இருந்தார். முதலில் நிற்க வேண்டிய அண்ணன் பெயர் இல்லை. எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது. அச்சில் விட்டுப்போயிற்று. என் கண்ணிலும் விட்டுப்போயிற்று. பேரத்தான் எழுதணும் என்று அண்ணாச்சி சொன்னபோது எனக்குத் தைத்தது இதுதான். எறும்பையும் எர்பியத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத கண் அது.

அண்ணன் கடையில் நாலு பேர் முன்னால் பத்திரிகையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டு வாசித்தாராம். கடைசிப் பெயர் வரை வாசித்துவிட்டு மடித்து வைத்தாராம். கல்யாணத்துக்கு டின் டின்னாகப் பால்கோவா வந்தது. அண்ணன் வரவில்லை. மணமேடைக்கும் வாசலுக்கும் நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். தப்பு என்னுடையது. அன்று சாயங்காலமே போய்க் காலில் விழுந்திருந்தால் முடிந்திருக்கும். நானோ ஒரு பெயருக்காகவா இத்தனை வீம்பு என்று யாரிடமோ சொன்னேன். அது பத்து மடங்காகி அவரிடம் போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு போன் செய்தால் மணி அடித்து ஓயும். எங்கள் காலடியில் போகிற கேபிளில் லட்சம் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் இரண்டு பேர் பேசவில்லை. உறவுக்காரர்கள் மூலமாகச் சொல்லி அனுப்பினால் எல்லோரும் பிரித்துப் படித்து, திரும்ப எழுதித்தான் கொடுத்தார்கள். ‘அண்ணன் நல்லா இருக்காரா’ என்று கேட்டுவிட்டேன் ஒருதரம். அது ‘இன்னும் இருக்காரா’ என்று போய்ச் சேர்ந்தது. பதிலுக்கு வந்ததை இங்கே எழுத முடியாது.

ஆறாவது வருஷம், அண்ணனுக்குக் காலில் புண் ஆறவில்லை, சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்று காதில் விழுந்தது. பதம் பார்க்கிறேன் என்று சட்டிக்குச் சட்டி விரலில் தொட்டு நாக்கில் வைத்த மனிதர். அப்போதுதான் எறும்பு அண்ணாச்சி ஞாபகம் வந்தது. அவர் தினமும் டீ குடிக்கிற கடை அண்ணன் கடைக்கு அடுத்த கடை.

அவர் ஸ்டோருக்கு வந்திருந்த ஒருநாள், எதிரே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், “அண்ணனக் கேட்டதாச் சொல்லுங்க” என்றேன். இன்னொருக்கச் சொல்லுங்க என்றார். சொல்லும்போது தொண்டை அடைத்தது. டீ போடுகிறவர் என் முகத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்ததும், சமாளித்துக்கொண்டு அவரைப் பார்த்து, “சக்கர கம்மியா” என்றேன்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி திரும்ப வந்தார். ஸ்டோர் கவுண்டருக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் அண்ணன் குரலில் பேசினார். அண்ணன் ‘ஆமா’ என்று சொன்னால் முதல் எழுத்தைக் கயிறு மாதிரி இழுப்பார். ஆறு வருஷம் கழித்து அந்த இழுவை என் காதில் விழுந்தது.

“ஆ…மா, இவரு பெரிய டாக்டரு. எனக்குச் சக்கர இருக்குன்னு அவனுக்கு யாருலே சொன்னா? அவனையும் கம்மியாப் போடச் சொல்லு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் என்னதான் சொன்னீர்கள் என்று அண்ணாச்சியைக் கேட்டேன். சொன்னதைச் சொன்னேன் என்று என் குரலில் சொல்லிக் காட்டினார். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள், ஒரு தொண்டை அடைப்பு, சர்க்கரை கம்மியாக. டீக்கடைக்காரரிடம் சொன்னதையும் அவர் விடவில்லை; முதல் சொன்னது மாறவில்லை, கூடத்தான் செய்தது என்று எடுத்துக்கொண்டாராம். அந்தத் தொண்டை அடைப்பையும் சர்க்கரையையும் சேர்த்துக் கேட்டால் யாருக்குமே அக்கறையாகத்தான் தோன்றும். நான் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்தேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் சேதி போயிற்று, வந்தது. நான் சர்க்கரையை விட்டு இரண்டு வருஷமாயிற்று என்று சொல்லி அனுப்பினேன். பொய் சொல்கிறான் என்று பதில் வந்தது. பொய்தான். அண்ணாச்சி முன்பெல்லாம் மாதம் ஒருமுறைதான் ஸ்டோருக்கு வருவார். இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை, ‘இன்சுலேஷன் டேப் - 1’ என்று தாளோடு வந்தார். ஒரேயடியாக ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போகலாமே என்றேன். தேவைக்குத் தகுந்த மாதிரி வாங்கினால் போதும் என்றார். நானும் மறுபேச்சுப் பேசாமல் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன்.

ஆனால் அண்ணன் வாயிலிருந்து ‘வா’ என்கிற வார்த்தை மட்டும் வரவில்லை. கூப்பிடாமல் போய் நிற்க எனக்கும் தைரியம் இல்லை. வீட்டுக்குள் விடாமல் திரும்பிப் படுத்துக்கொண்டால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று பயம். இதற்குள் காலில் இருந்தது சிறுநீரகத்துக்குப் போயிற்று. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அண்ணாச்சியிடம் ஒரே ஒரு வரிதான் சொன்னேன். “நான் வரலாமான்னு கேளுங்க.” அவர் இன்னொருக்கச் சொல்லுங்க என்றார். இன்னொருக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வரை அவர் காத்திருக்கவில்லை. அன்று மத்தியானமே திரும்பிவிட்டார். கையில் டேப்புக்கான தாள் இல்லை. தலையில் குரங்குத் தொப்பி அப்படியே இருந்தது, அதோடு பஸ்ஸில் வந்திருக்கிறார்.

“வரச் சொன்னாவ” என்றார்.

எனக்கு அதற்குமேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஸ்டோர் சாவியைச் சூப்பர்வைசர் மேஜையில் போட்டுவிட்டு ஓடினேன். எப்போதும்போல அந்த நேரத்திலும் ஒன்றை விட்டுவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் கட்டிலில் பாதியாகக் கிடந்தார். மதினி என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றார். அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்தார்.

“நீ வரச் சொன்னதா அண்ணாச்சி சொன்னாருண்ணே” என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார். செத்த நேரம் உத்தரத்தைப் பார்த்தார்.

“ஆ…மா, சொன்னேன்” என்றார். “உக்காருலே.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பத்திரிகை விஷயத்தை எடுத்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்திவிட்டார். என் மகளுக்குப் பிறந்த குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

“சர்டிபிகேட்ல பேரு சரியா இருக்கான்னு நீயா பாத்த? வேற யாரையாவது வச்சுப் பாருலே.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன், மதினியும் சிரித்தார். அதன்பிறகு பதினோரு நாள் அண்ணன் இருந்தார். பதினோரு நாளும் லீவு போட்டு அந்தக் கட்டில் பக்கத்திலேயே இருந்தேன். கடைசி இரண்டு நாள் அவருக்கு நினைவில்லை. அதற்கு முந்தின நாள்கூட, சட்டியில் பால் அடிப்பிடிக்கிற வாசனை வருகிறது, போய்ப் பார் என்று என்னை வீட்டின் முன்பக்கத்துக் கடைக்கு விரட்டினார். அடிப்பிடித்துத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு, அந்த எறும்பு அண்ணாச்சி மட்டும் இல்லாவிட்டால் அண்ணன் என்னைக் கூப்பிட்டதே எனக்குத் தெரிந்திருக்காது என்று மதினியிடம் சொன்னேன். மதினி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“ஒங்க அண்ணன் எங்க கூப்பிட்டாவ, தம்பி? அன்னைக்கு அந்த அண்ணாச்சி வந்து, நீங்க கேட்டதச் சொன்னாரு. இவிய சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாவ. வாயே தொறக்கல. அவரும் நிண்ணு பாத்தாரு, நிண்ணு பாத்தாரு, பொறவு போயிட்டாரு.”

அப்போதுதான் நான் விட்டது எது என்று உறைத்தது. ‘வரச் சொன்னாவ’ என்பதை அண்ணாச்சி தன் சொந்தக் குரலில் சொல்லியிருந்தார். அண்ணனின் இழுவை அதில் இல்லை. அவரைத் தெரிந்த அத்தனை வருஷத்தில், ஒருவர் சேதியை அவர் தன் குரலில் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதைக்கூடக் கவனிக்காத காது என்னுடையது.

அப்படியே எழுந்து கோர்ட்டுக்குப் பின்தெருவுக்கு நடந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அலமாரித் தட்டில் இன்சுலேஷன் டேப்புகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அண்ணாச்சி ஸ்வெட்டரும் தொப்பியுமாக மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அண்ணன் வாயே திறக்கவில்லையாமே என்று கேட்டேன். சண்டை போடப் போனேனா, கும்பிடப் போனேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ரொம்ப நேரம் நிண்ணேன், ஸ்டோரு. அங்கிட்டுருந்து ஒண்ணும் வரல” என்றார். பிறகு மெதுவாக, “அது நாய்ஸு.”

அறிவிப்புத் தாளில் அடித்த வரியைக்கூட விடாமல் வாசித்த மனிதர். இந்த ஒரு வரியை அடிக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் இத்தனை நாள் தவித்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் போய் நின்றபோது அண்ணன் சொன்னதைச் சொன்னேன். நீ வரச் சொன்னாயாமே என்றதற்கு அண்ணன் இல்லை என்று சொல்லவில்லை, ஆமா, சொன்னேன் என்றுதான் சொன்னார்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னொருக்கச் சொல்லுங்க.”

இன்னொருக்கச் சொன்னேன். இந்தத் தடவை அண்ணன் எப்படிச் சொன்னாரோ அப்படி, என்னால் முடிந்த மட்டும். ஒரு வார்த்தை மாறவில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, யாருக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆ…மா, சொன்னேன்.”

என் அண்ணன் குரல். அந்தக் குளிர்ந்த அறையில், மெஷின் இரைச்சலுக்கு நடுவில், என் அண்ணன் குரல். நான் அழுதுவிட்டேன்.

“இன்னொருக்கச் சொல்லுங்க, அண்ணாச்சி” என்றேன்.

நான் கேட்ட தடவையெல்லாம் சொன்னார்.